தவறிப் பாய்ந்த தோட்டா

2002 மே 7 அன்று இரவு, அமெரிக்காவின் யுபிஎன் தொலைக்காட்சியில் 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. வாரன் என்பவன் துப்பாக்கியோடு பஃபியின் வீட்டுக் கொல்லைக்கு வருகிறான். அவளைக் கொல்வதுதான் நோக்கம். அவளைச் சுட்டுவிட்டு ஓடும்போது, எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் இன்னும் சில முறை விசையை அழுத்துகிறான். அதில் ஒரு தோட்டா மேலே போகிறது. மாடியறைச் சன்னலை உடைத்துக்கொண்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்ற டாராவின் உடம்பைத் துளைத்து வெளியே வருகிறது. எதிரே நிற்கும் வில்லோவின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறிக்கிறது. தனக்கு என்ன ஆயிற்று என்று டாராவுக்குப் புரியவில்லை. தோழியின் சட்டையில் ஏதோ பட்டிருப்பதுதான் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. அதைச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே சரிந்து விழுகிறாள்.

அந்த ஒரு தோட்டாவின் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரும் உடையும் துப்பாக்கியும் மாறிமாறி, இருபது ஆண்டுகள் அது அமெரிக்கத் தொடர்களில் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் வேறு யாரையோ குறிவைத்துத்தான் சுடப்பட்டது என்பார்கள். ஒவ்வொரு முறையும் அது ஒரு பெண்ணின் மேல்தான் பாய்ந்தது.

டாரா இறந்த அத்தியாயத்தின் முகப்பில் ஒரு புதுமை இருந்தது. டாராவாக நடித்த ஆம்பர் பென்சன் 1999 டிசம்பர் முதல் அந்தத் தொடரில் வந்துகொண்டிருந்தவர். ஆனாலும் முதன்மை நடிகர்கள் வரிசையில் அவர் பெயர் வந்ததே இல்லை. அன்றுதான் முதல்முறையாக அவர் முகமும் பெயரும் முகப்பில் வந்தன. அதுவே கடைசி முறை. பெயரைப் பார்த்து மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அதிர்ச்சியைக் கூட்டுவதற்காகவே செய்த ஏற்பாடு இது. ரசிகர்களை அதிகம் புண்படுத்தியதும் இதுதான்.

டாராவும் வில்லோவும் காதலர்கள். 2002இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, சண்டை போட்டு, சமாதானமான இரண்டு பெண்களைப் பார்க்க வேறு இடம் அநேகமாக இல்லை. பிரிந்திருந்த இருவரும் அதற்கு முந்தைய அத்தியாயத்தின் முடிவில்தான் மறுபடி சேர்ந்திருந்தார்கள். சேர்ந்த கையோடு தோட்டா வந்தது. அதற்குப் பிறகு வில்லோ வெறி பிடித்துப் பழிவாங்கப் புறப்பட, சீசனின் மீதி மூன்று அத்தியாயங்களும் அவளுடைய கோபத்தின் கதையாயின. டாராவின் சாவு அந்தக் கோபத்துக்கு வேண்டியிருந்தது, டாரா வேண்டியிருக்கவில்லை. அவளை நேசித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதை அப்போதே சொன்னார்கள். வாரனின் கை தவறியிருக்கலாம், எழுதியவர்களின் கை தவறவில்லை என்பதுதான் அவர்கள் வாதம்.

இந்தத் தோட்டா 2002இல் வார்க்கப்பட்டதல்ல. ஹாலிவுட் தனக்குத் தானே எழுதிக்கொண்டு 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்திய தணிக்கை விதிகள், தன்பாலீர்ப்பைத் திரையில் குறிப்பாகக்கூடக் காட்டக் கூடாது என்றன. 1961இல் அந்த விதி கொஞ்சம் தளர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 'த சில்ட்ரன்ஸ் அவர்' படத்தில், தன் தோழியை நேசிப்பதாக ஒப்புக்கொள்ளும் மார்த்தா தூக்கில் தொங்குகிறாள். காட்டலாம் என்று அனுமதி கிடைத்ததும் முதலில் காட்டியது அவளுடைய பிணத்தை.

நாவல் உலகத்தில் இதன் காரணம் இன்னும் பச்சையாகத் தெரிகிறது. 1952இல் மாரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற நாவலை எழுதினார். விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு பெண்களின் காதல் கதை அது. கதை நல்லபடி முடியக் கூடாது என்று பதிப்பகத்தின் ஆசிரியர் டிக் கரோல் முதலிலேயே சொல்லிவிட்டார். புத்தகங்கள் தபாலில் போகின்றன. மகிழ்ச்சியாக முடித்தால் ஆபாசம் என்று தபால்துறை பறிமுதல் செய்துவிடும் என்பது அவர் பயம். அதனால் ஒருத்தி மனநல மருத்துவமனைக்குப் போனாள், இன்னொருத்தி தான் அவளை நேசித்ததே இல்லை என்று தெளிவடைந்தாள். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. பார்சல் பிரிக்கப்படுமே என்ற பயத்தில் பிறந்த முடிவு, பயம் போன பிறகும் கதை சொல்கிறவர்களின் கையில் பழக்கமாக ஒட்டிக்கொண்டது.

இதற்கு ஒரு கிளையும் உண்டு. அது ஆண்களை நேசிக்கும் பெண்களுக்கானது. 1994இல் 'கிரீன் லேன்டர்ன்' காமிக்ஸின் 54ஆவது இதழில், நாயகன் கைல் ரெய்னர் வீடு திரும்பும்போது அவனுடைய காதலி அலெக்ஸாண்ட்ரா கொல்லப்பட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டிருக்கிறாள். கைலுக்குக் கோபம் வர வேண்டும், அவ்வளவுதான். 1999இல் கெயில் சிமோன் என்ற வாசகி இப்படிக் கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட காமிக்ஸ் பெண்களின் பெயர்களை எல்லாம் தொகுத்து ஒரு பட்டியல் போட்டார். அப்போது அவர் முடி திருத்தும் தொழில் செய்துகொண்டிருந்தார். பட்டியலைப் படைப்பாளிகளுக்கே அனுப்பிக் கருத்தும் கேட்டார். சில ஆண்டுகளில் 'கிரீன் லேன்டர்ன்' வெளியிட்ட அதே நிறுவனத்தின் காமிக்ஸ்களை எழுதும் இடத்துக்கு வந்தார். குளிர்சாதனப் பெட்டி அதற்குப் பிறகு இந்த வகைச் சாவுகளுக்கே பெயராகிவிட்டது.

தொலைக்காட்சியில் அந்தப் பெட்டியை அதிகம் திறந்து மூடிய தொடர் 'சூப்பர்நேச்சுரல்'. 2005 செப்டம்பரில் வந்த முதல் அத்தியாயத்திலேயே, தாய் மேரி வீட்டுக் கூரையில் ஒட்டிக்கொண்டபடி எரிகிறாள். அத்தியாயம் முடிவதற்குள் மகன் சாமின் காதலி ஜெசிக்காவும் அதே போல எரிகிறாள். அண்ணன் தம்பி இருவரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப 15 சீசன்கள், 327 அத்தியாயங்கள் ஓடின. வழியில் சேர்ந்த பெண்கள் கறிவேப்பிலை மாதிரி மணத்துக்குப் போடப்பட்டு ஓரமாக ஒதுக்கப்பட்டார்கள். 2015 மே மாதம் சார்லி பிராட்பரி போனதுதான் பலருக்குத் தாங்கவில்லை. கணினி வேலையில் கெட்டிக்காரி, சிரிக்க வைப்பவள், பெண்களை நேசிப்பவள், பார்க்கிறவர்களைப் போலவே புத்தகப் பைத்தியம். அவள் எதிர்த்துப் போராடினாளா என்றுகூட நாம் பார்க்கவில்லை. கதவு உடைகிறது, அடுத்து குளியல் தொட்டியில் பிணம். அடுத்த வாரம் அண்ணன் டீன் அவளைக் கொன்றவனின் குடும்பத்தையே வெட்டிச் சாய்த்தான். சார்லி எதற்காகச் செத்தாள் என்பதற்கு அதுவே விடை. அந்தத் தொடரின் தீவிர ரசிகர்களில் பெண்களே அதிகம் என்பதை நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது.

தொழில் காரணங்களும் இருக்கின்றன. அவற்றை மறைக்கத் தேவையில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களின் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து உள்ளூர் நிலையங்கள் விளம்பரக் கட்டணம் பேசி வந்தன. அந்த மாதங்களில் அதிர்ச்சி தேவைப்பட்டது. டாரா, சார்லி இருவருமே மே மாதத்தில் இறந்தவர்கள். அதிர்ச்சிக்கு யாராவது சாக வேண்டும் என்றால், நீண்ட ஒப்பந்தத்தில் கட்டப்பட்ட நாயகனைத் தொட முடியாது. அவ்வப்போது வந்து போகும் நடிகை என்றால் செலவில்லை. யாருக்கு நிரந்தர இடம் கொடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்தபோது, யார் சாகலாம் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது.

தோட்டா மறுபடி அதே உருவத்தில் வந்தது 2016 மார்ச் 3 அன்று. 'த ஹண்ட்ரட்', சிடபிள்யூ தொலைக்காட்சி. அணுப்போரில் அழிந்து 97 ஆண்டுகள் கழிந்த பூமி. விண்வெளியிலிருந்து இறக்கிவிடப்பட்ட இளைஞர்களின் தலைவி கிளார்க். பூமியிலேயே பிழைத்திருந்த பன்னிரண்டு குலங்களை ஒன்றாகக் கட்டி ஆளும் தளபதி லெக்ஸா. தொடருக்கு மூலமான நாவல்களில் லெக்ஸா கிடையாது, தொலைக்காட்சிக்காகவே பிறந்தவள். ஆஸ்திரேலிய நடிகை அலீஷியா டெப்னம்-கேரி இரண்டாவது சீசனில் அந்த வேடத்தில் வந்ததிலிருந்து, தன்னை ஒத்த பெண்ணை இவ்வளவு அதிகாரத்தோடு திரையில் பார்த்திராத இளம்பெண்கள் உலகம் முழுவதும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் யாரிடமும் இரங்கத்தக்கவளாக நிற்கவில்லை. படை நடத்தினாள். தவறு செய்தாள். கிளார்க்கின் முன் மண்டியிட்டுச் சத்தியம் செய்தாள்.

அந்த அத்தியாயத்தில் இருவரும் முதல்முறையாகப் படுக்கையில் சேர்கிறார்கள். சில நிமிடங்கள்தான். கிளார்க் தன் அறைக்குத் திரும்புகிறாள். அங்கே லெக்ஸாவின் ஆலோசகன் டைட்டஸ் துப்பாக்கியோடு காத்திருக்கிறான். துப்பாக்கி அவன் மக்களின் ஆயுதமே அல்ல. பழி கிளார்க்கின் ஆட்கள் மேல் விழட்டும் என்பதற்காக அதை எடுத்திருக்கிறான். கிளார்க்கைக் குறிவைத்துப் பலமுறை சுடுகிறான். ஒன்றும் படவில்லை. சத்தம் கேட்டு லெக்ஸா கதவைத் திறக்கிறாள். அடுத்த தோட்டா அவள் வயிற்றில். போர்க்களத்தில் எத்தனையோ பேரை வீழ்த்தியவள், கதவைத் திறந்ததற்காகச் செத்தாள்.

பதினான்கு ஆண்டுகள் இடைவெளி. மகிழ்ச்சி, உடனே தோட்டா, அதுவும் இன்னொருத்திக்கு வைத்தது. பஃபி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இல்லை. லெக்ஸாவே முதல் காதலாக இருந்த பதினைந்து, பதினாறு வயதுக்காரர்களுக்கோ அப்படி ஒரு வழக்கம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அவர்களை இன்னொன்றும் உறுத்தியது. லெக்ஸா உயிரோடு இருப்பாள் என்று நம்பும்படி அவர்களை அதுவரை வைத்திருந்தார்கள். வான்கூவரில் நடந்த இறுதி அத்தியாயப் படப்பிடிப்பில் டெப்னம்-கேரி நடிப்பது வெளியே தெரிந்திருந்தது. அதைப் பார்த்து ஆறுதல் அடைந்தவர்கள், ஏமாற்றப்பட்டோம் என்று உணர்ந்தார்கள். நியாயமான உணர்ச்சிதான்.

இந்தக் கோபம் என்ன செய்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. திட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் பால்புதுமை இளைஞர்களுக்குத் தொலைபேசி வழி உதவும் 'ட்ரெவர் புராஜெக்ட்' அமைப்புக்கு, லெக்ஸாவின் பெயரால் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் திரட்டிக் கொடுத்தவர்களும் இதே ரசிகர்கள்தான். ஒரு கற்பனைப் பாத்திரத்தின் சாவால் உடைந்துபோன பிள்ளைகள் உண்மையில் இருக்கிறார்கள் என்பதை முதலில் உணர்ந்து, உதவி எண்ணைப் பரப்பியவர்கள் அவர்கள். மார்ச் 24 அன்று தொடரின் தலைமை எழுத்தாளர் ஜேசன் ராத்தன்பர்க் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். நடிகைக்கு 'ஃபியர் த வாக்கிங் டெட்' தொடரில் வேலை இருந்ததைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். இன்று தெரிந்தது அன்று தெரிந்திருந்தால் அந்தச் சாவு வேறு விதமாக நடந்திருக்கும் என்றும் ஒப்புக்கொண்டார்.

நடிகை போவது உண்மையான சிக்கல். ஆனால் ஒரு தளபதி ஊருக்குப் போகலாம், போருக்குப் போகலாம், உயிரோடு கதையை விட்டு வெளியேறலாம். ஆண் பாத்திரங்களுக்கு அந்த வழிகள் தாராளமாகத் திறந்திருக்கின்றன. "போர்க் கதையில் எல்லாரும்தானே சாகிறார்கள், ஆண்கள் இன்னும் அதிகமாகச் சாகிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்கள் சாகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டமே இருக்கிறது. லெக்ஸாவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அந்த ஆண்டின் வசந்த காலம் முழுவதும் தோட்டா ஓயவில்லை. லெக்ஸா இறந்து பதினேழாவது நாள், மார்ச் 20இல், 'த வாக்கிங் டெட்' தொடரின் மருத்துவர் டெனிஸின் கண்ணைத் துளைத்துக்கொண்டு அம்பு வந்தது. பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில். எய்தவன் வெளிப்பட்டு, தான் குறிவைத்தது அவளை அல்ல என்று சொல்கிறான். மூலக் காமிக்ஸில் அந்த அம்பு ஆப்ரஹாம் என்ற ஆணுக்கு உரியது. தொடரில் அதைப் பெண்ணை நேசிக்கும் ஒரு பெண்ணுக்கு மாற்றி எழுதினார்கள். மே 31இல் 'பெர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' தொடரில் கூட்டாளி ஃபின்ச்சுக்கு வைத்த தோட்டாவைத் தன் மேல் வாங்கிக்கொண்டு ரூட் இறந்தாள். இவளுடைய சாவில் அவளுடைய விருப்பம் இருந்தது. அந்த அளவுக்கு அது மேல். ஆனாலும் மற்றவற்றோடு சேர்த்துப் பார்த்தபோது யாராலும் அதைத் தனியாகப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 8இல் 'ஸ்லீப்பி ஹாலோ' தொடரில் நிக்கோல் பெஹாரி நடித்த அபி மில்ஸ் போனாள். உலகைக் காக்க விதிக்கப்பட்ட இரண்டு சாட்சிகளில் ஒருத்தி அவள், தொடரின் சரிபாதி. கறுப்பினப் பெண்ணை நாயகியாக வைத்து ஓடிய தொடர் என்பதாலேயே பலர் அதைப் பார்த்தார்கள். பிரியும் காட்சியில் அவள் வாயாலேயே, மற்றொரு சாட்சியான இக்கபாட் கிரேனை முன்னே கொண்டு செல்வதே தன் பணி என்று சொல்ல வைத்தார்கள். எனக்கு லெக்ஸாவின் தோட்டாவை விட இது கொடுமையாகப் படுகிறது. மூன்று சீசன் சமமாக நடந்தவளைக் கடைசி நிமிடத்தில் சுமைதாங்கி ஆக்கினார்கள். அபி இல்லாத நான்காவது சீசனை அதே ரசிகர்கள் பார்க்க மறுத்தார்கள். 2017இல் தொடர் நின்றது.

அந்த மே மாதம் தோட்டா ஒருமுறை திரும்பப் பெறவும்பட்டது. 'காசில்' தொடரின் நாயகி ஸ்டானா காட்டிக்கை அடுத்த சீசனுக்கு எடுக்கவில்லை என்ற செய்தி ஏப்ரலில் வந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். மே 12இல் தொடரே ரத்தானது. மே 16இல் வந்த கடைசி அத்தியாயத்தில் காசிலும் காட்டிக் நடித்த பெக்கெட்டும் சமையலறைத் தரையில் குண்டடிபட்டு, கையைக் கோத்துக்கொண்டு கிடக்கிறார்கள். திடீரென்று ஏழு ஆண்டுகள் கழித்து, அதே வீட்டில், மூன்று குழந்தைகளோடு சிரிக்கிறார்கள். தொடர் நின்றுவிட்டால் போடுவதற்கென்று எடுத்து வைத்த மாற்று முடிவு அது. பெக்கெட் பிழைத்ததற்குக் காரணம் மருத்துவர் அல்ல, அடுத்த சீசன் இல்லாமல் போனது. தோட்டா யாருக்குச் சொந்தம் என்று இதைவிடத் தெளிவாக எந்தக் காட்சியும் காட்டியதில்லை.

2016 தொடங்கியதிலிருந்து பெண்களை நேசிக்கும் பெண் பாத்திரங்கள் 25க்கும் மேல் இறந்திருப்பதாக, பால்புதுமையினர் ஊடகங்களில் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதைக் கண்காணிக்கும் கிளாட் அமைப்பு அந்த ஆண்டு இறுதி அறிக்கையில் சொன்னது. இதற்கிடையில் கனடாவின் 'சேவிங் ஹோப்' தொடரை உருவாக்கியவர்கள் சிலர், ரசிகர்களோடு சேர்ந்து 'லெக்ஸா உறுதிமொழி' என்று ஒன்றை எழுதிக் கையெழுத்திட்டார்கள். மற்றவர் கதையை நகர்த்துவதற்காக மட்டும் பால்புதுமைப் பாத்திரங்களைக் கொல்ல மாட்டோம், ரசிகர்களுக்கு ஆசை காட்டி ஏமாற்ற மாட்டோம் என்பவை அதன் சாரம். எழுதுபவரின் கையைக் கட்டுகிறது என்று தயங்கிய எழுத்தாளர்களும் இருந்தார்கள். லெக்ஸாவின் பெயராலேயே கூடிய ரசிகர் மாநாடு 'கிளெக்ஸாகான்', 2017 மார்ச் 3இல், அவள் சாவுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, லாஸ் வேகஸில் தொடங்கியது.

தோட்டா தோற்ற இடம் ஒன்றும் உண்டு. 2016 ஜூன் 24, 'வினோனா அர்ப்' முதல் சீசனின் இறுதி அத்தியாயம். போலீஸ் அதிகாரி நிக்கோல் ஹாட்டும் வேவர்லியும் காதலர்கள். வேவர்லியின் அக்கா வில்லா சுடுகிறாள், நிக்கோல் விழுகிறாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சு நின்றிருக்கும். வேவர்லி ஓடிப் போய் அவள் சட்டையைப் பிரிக்கிறாள். உள்ளே குண்டு துளைக்காத உடுப்பு. காவல் துறையில் வேலை செய்பவள் அதை அணிந்திருப்பாள்தானே! இவ்வளவு எளிய யோசனை. தொடரை உருவாக்கிய எமிலி ஆண்ட்ராஸ், இருவரும் சாக மாட்டார்கள் என்று ரசிகர்களுக்கு முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். அதனால் தொடரின் விறுவிறுப்பு குறைந்துவிடவில்லை. 2021 ஏப்ரலில் வந்த கடைசி அத்தியாயத்தில் நிக்கோலும் வேவர்லியும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2022 ஏப்ரல் 10இல் 'கில்லிங் ஈவ்' முடிந்தது. நான்கு சீசன்களாக ஒருத்தியை ஒருத்தி துரத்திய ஈவும் வில்லனெல்லும் கடைசியில் சேர்கிறார்கள். அதே அத்தியாயத்தில், தேம்ஸ் நதியில் குதித்த வில்லனெல்லைத் தோட்டாக்கள் தண்ணீருக்குள் தேடிப் பிடிக்கின்றன. இந்த முறை தவறிப் பாய்ந்தது என்ற சாக்குக்கூட இல்லை. மூல நாவல்களை எழுதிய லூக் ஜென்னிங்ஸே, இது பழைய வழக்கத்துக்குப் பணிந்து போன முடிவு என்று பத்திரிகையில் எழுதி ரசிகர்கள் பக்கம் நின்றார். அவருடைய நாவல்களில் இருவரும் ரஷ்யாவில் சேர்ந்து வாழ்கிறார்கள்.

லெக்ஸா உறுதிமொழிக்குச் சட்ட பலம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டவர் மீறினால் கேட்பாரில்லை, போடாதவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. பார்க்கிறவர்கள் கேட்டால்தான் உண்டு. நீங்கள் பார்க்கும் தொடரில் ஒரு பெண் செத்தால், அடுத்த அத்தியாயம் யாருடையது என்று கவனியுங்கள். அவளை மறந்துவிட்டு வேறொருவரின் கோபத்தை வளர்க்கவே அது ஓடினால், எடுத்தவர்களுக்கு எழுதிச் சொல்லுங்கள், பார்ப்பதை நிறுத்துங்கள். 2016இல் அப்படிச் சொன்னவர்களில் பலர் இருபது வயதைத் தொடாதவர்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது.